பொறை என்னும் அறம்: ஆப்பிரிக்க அறிஞர் மூவர்

அறம் கூறும் நூல்களுள் பொறுமையைப் போற்றாத நூல் அரிது. திருவள்ளுவர் இல்லறவியலில் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கலித்தொகையின் 133ஆம் பாட்டு, நற்பண்புகளை ஒவ்வொன்றாக வரையறுத்துச் சொல்லுமிடத்துப் பொறையையும் அவற்றோடு சேர்த்து எண்ணியது. இவற்றைப் பயின்ற தமிழர்க்குப் பொறுமை ஓர் அறம் என்பது விளக்க வேண்டாத உண்மையாகத் தோன்றும். ஆயினும் எல்லா நாட்டினரும் எல்லாக் காலத்தும் அவ்வாறே கருதினர் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

கிரேக்கரும் உரோமரும் தலைமை அறங்கள் நான்கு என வகுத்தனர். அறிவுடைமை, நீதி, துணிவு, தன்னடக்கம் என்பன அவை. அந்நான்கனுள் பொறுமைக்கு இடமில்லை. உரோம நாவலர் சிசரோ அதனைத் துணிவு என்னும் அறத்தின் உறுப்புகளுள் ஒன்றாக மட்டுமே வைத்தார். போர்வீரன் குளிரையும் பசியையும் தாங்கினால் அஃது அவனுக்குப் பெருமை. பிறர் செய்யும் இழிவைத் தாங்குதலோ அடிமைக்குரிய நிலை. உரிமையுடைய குடிமகன் ஒருவன் அடிபட்டும் வாளாவிருந்தால் உரோமர் அவனை அறவோன் என்று வியந்திலர்.

இத்தகைய உலகில், பொறுமையையே தனிப்பொருளாகக் கொண்டு இலத்தீன் மொழியில் மூன்று நூல்கள் எழுந்தன. முதல் நூல் கி.பி. 200ஐ ஒட்டியது, இரண்டாவது 256ஆம் ஆண்டினது, மூன்றாவது ஏறத்தாழ 417இல் எழுந்தது. மூன்றும் உரோமை நகரில் தோன்றியவை அல்ல. உரோமப் பேரரசின் ஆப்பிரிக்க மாநிலத்தில், இன்றைய துனீசியா, அல்சீரியா நாடுகளின் கடற்கரைப் பகுதியில் தோன்றியவை. எழுதியவர் தெர்த்துல்லியன், சிப்பிரியான், அகுஸ்தீன் என்னும் கிறித்துவ அறிஞர் மூவர். மூவரும் அமைதியான காலத்தில் ஓய்வாக அமர்ந்து எழுதினாரல்லர். ஒவ்வொருவர் வாழ்விலும் அவர்தம் நூலே அவரைச் சோதித்தது. அச்சோதனையின் வரலாறு, நூல்களின் கருத்தைப் போலவே ஆராயத்தக்கது.

சொற்களின் வரலாறு

கிறித்துவ மறைநூலின் கிரேக்க மூலத்தில், தமிழில் பொறுமை என வழங்கும் கருத்துக்கு இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று ஹுப்பொமொனே. ‘கீழே நிலைத்திருத்தல்’ என்பது அதன் உறுப்புகள் தரும் பொருள். தலைமேல் சுமை ஏறியபோதும் இடம்விட்டு நீங்காமல் நிற்பவன் நிலையே அஃது. மற்றொன்று மக்ரொத்துமியா. அது நெடிய உள்ளமுடைமை, அதாவது விரைந்து சினம் கொள்ளாமை. முன்னது துன்பத்தை நோக்கியது. பின்னது துன்பம் செய்வாரை நோக்கியது.

இரண்டாம் சொல்லுக்கு எபிரேய மொழியில் ஒரு மூலம் உண்டு. கடவுளின் பண்பைக் கூறும் பழைய ஏற்பாட்டு எபிரேயத் தொடர் ஒன்று, எழுத்துக்கு எழுத்து நோக்கின் ‘நீண்ட மூக்குடைமை’ எனப் பொருள்படும். சினத்தால் மூச்சு விரைதலும் மூக்கு வெம்மையுறுதலும் கண்ட பழங்குடியினர், சினம் எழ நெடுநேரம் ஆகும் உள்ளத்தை இவ்வாறு உருவகித்தனர். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் இக்கருத்தினை ‘நீடிய சாந்தம்’ என்றும் ‘நீடிய பொறுமை’ என்றும் பெயர்த்தனர். நீட்சி என்னும் கருத்து எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கும், பின்னர்த் தமிழுக்கும் வந்து சேர்ந்தமை இதனால் விளங்கும்.

கிரேக்கச் சொற்கள் இரண்டற்கும் இலத்தீனர் பெரும்பாலும் ‘பத்தியென்சியா’ என்னும் ஒரு சொல்லையே ஆண்டனர். துன்புறுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. ஆங்கிலத்தில் நோயாளியைக் குறிக்கும் சொல்லும் அவ்வடியினதே. தமிழிலோ ‘பொறு’ என்னும் வினை சுமத்தல், தாங்கல், மன்னித்தல், காத்திருத்தல் ஆகிய பொருள்கள் பலவற்றைத் தருகிறது. பொறை என்பது சுமைக்கும் பெயர், பண்புக்கும் பெயர். இச்சொல்லின் பொருள்விரிவு, பின்வரும் வரலாற்றில் எழும் வினாவொன்றுக்கு உதவும்.

யோபு உண்மையில் பொறுத்தவனா?

கிறித்துவ மரபில் பொறுமைக்கு எடுத்துக்காட்டு யோபு. மக்களையும் செல்வத்தையும் இழந்து, உடலெங்கும் புண்ணாகி, ஓட்டுச் சில்லால் உடலைச் சுரண்டிக்கொண்டு சாம்பலில் அமர்ந்தவன் அவன். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய மடல், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவனை முதலில் சுட்டி, அதன்பின் யோபின் பொறுமையை நினைவூட்டுகிறது.

ஆனால் யோபு நூலை முழுதும் படிப்பவர் வியப்படைவர். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் யோபு வாய் மூடி இருப்பது முதல் இரண்டு அதிகாரங்களில்தான். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதன்பின் நெடுகிலும் நண்பரோடு வாதிடுகிறான். கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். ‘நீ ஏதோ பிழை செய்திருக்க வேண்டும், அதனால்தான் இத்துன்பம்’ என்று அறிவுரை கூறிய நண்பர்களை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. நூலின் முடிவில் கடவுள் குறைகூறுவது அந்நண்பர்களையே. யோபு சரியானதைப் பேசினான் என்பதே முடிவான தீர்ப்பு.

எனவே மடலாசிரியர் யோபுக்கு ஆண்ட சொல் ஹுப்பொமொனே என்பது கருதத்தக்கது. யோபு முறையிடாதவன் அல்லன். முறையிட்டபோதும் நின்ற இடத்தை விட்டு ஓடாதவன். ஊமையாயிருத்தலே பொறுமை எனப் பிற்காலத்தார் சிலர் கொண்ட கருத்துக்கு இம்மூல நூல் இடம் தரவில்லை.

பொறுமையற்றவர் எழுதிய பொறுமை நூல்

கார்த்தேஜ் நகரம் கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்டுப் பின்னர் அவர்களாலேயே மீண்டும் எழுப்பப்பட்ட பெருநகர். கி.பி. 180ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், சில்லி என்னும் ஊரைச் சேர்ந்த ஆடவர் எழுவரும் பெண்டிர் ஐவரும் கிறித்துவர் என்ற குற்றத்துக்காக அங்குக் கொல்லப்பட்டனர். 203ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பெர்ப்பெத்துவா என்னும் இளந்தாயும் பெலிசித்தா என்னும் அடிமைப் பெண்ணும் அதே நகரின் அரங்கில் மாண்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதத் தொடங்கியவர் தெர்த்துல்லியன். இலத்தீன் மொழியில் கிறித்துவ இலக்கியத்தைத் தொடங்கி வைத்த முன்னோடி அவரே எனலாம். கூரிய நாவும் வழக்கறிஞர் போன்ற வாதத்திறனும் உடையவர். எதிர்ப்போரை எள்ளி நகையாடுவதில் நிகரற்றவர்.

அவர் பொறுமை பற்றிய தம் நூலைத் தொடங்கும் முறை விந்தையானது. இவ்வறத்தைப் பற்றி எழுதத் தமக்குத் தகுதியில்லை என்றும், நோயாளி உடல்நலத்தின் அருமையை ஓயாது பேசுவதுபோலத் தாமும் பேசுவதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். அடக்கத்திற்காகச் சொன்ன முன்னுரையன்று அது. அவரை அறிந்தோர் எவரும் அதனை மறுத்திரார்.

நூலின் அடிப்படை, பொறுமை கடவுளின் பண்பு என்பது. நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒருங்கே ஞாயிறும் மழையும் கிடைக்கின்றன. தம்மை மதியாதாரையும் கடவுள் தாங்குகின்றார். கிறித்து தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்தவனையும் தம்மோடு உண்ண வைத்துக்கொண்டார். ஆகவே பொறுமை வலியற்றவன் ஒதுங்கும் மூலை அன்று. எல்லா வலிமையும் உடையவன் தானே விரும்பி மேற்கொள்ளும் நிலை. இக்கருத்தே உரோம உலகின் மதிப்பீட்டைத் தலைகீழாக்கியது. அடிமையின் இழிவு எனக் கருதப்பட்ட ஒன்று, ஆண்டவனின் பெருமையாக மாறிற்று.

வாழ்க்கை நடைமுறையிலும் தெர்த்துல்லியன் கருத்துச் செலுத்தினார். பொருளிழப்பு, இழிசொல், உற்றார் இறப்பு, பழிவாங்கும் ஆசை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தார். இழிசொல்லைப் பற்றி அவர் கூறுவது நுட்பமானது. ஒருவன் பிறனைப் புண்படுத்துவது அவன் வருந்துவதைக் கண்டு மகிழ்வதற்கே. புண்பட்டவன் வருந்தாதிருந்தால் புண்படுத்தியவனுக்கு மகிழ்ச்சி கிட்டாது. ஏமாற்றத்தால் வருந்துபவன் அவனே ஆவான். நூலின் இறுதியில் பொறுமையைப் பெண்ணுருவாக்கி வரைந்து காட்டுகிறார்: சுருக்கமில்லாத நெற்றி, அமைதியான முகம், துயரத்தால் அன்றிப் பணிவால் தாழ்ந்த கண்கள், மௌனத்தால் முத்திரையிட்ட வாய்.

இவ்வளவு எழுதியவரின் பிற்கால வாழ்வு வேறு திசையில் சென்றது. ஏறத்தாழ 207ஆம் ஆண்டுமுதல் அவர் மொந்தானியர் என்னும் கடுநெறிக் குழுவினரைச் சார்ந்தார். துன்புறுத்தற் காலத்தில் தப்பியோடுதல் தகாது என்று தனி நூல் எழுதினார். ஒழுக்கம் தவறியவர்க்கு மன்னிப்பு வழங்க முன்வந்த ஆயர் ஒருவரைக் கடுமையாகத் தாக்கி மற்றொரு நூல் எழுதினார். பகைவரைப் பொறுக்க வேண்டும் என்று கற்பித்தவர், தம்மோடு இருந்தோரின் குறைகளைப் பொறுக்க இயலாதவராய் முடிந்தார்.

சிப்பிரியான் சந்தித்த மூன்று சோதனைகள்

தெர்த்துல்லியன் நூல்களைத் தம் ஆசானாகக் கொண்டவர் சிப்பிரியான். அந்நூல்களைப் படிக்காமல் அவர் ஒரு நாளும் கழித்ததில்லை என்றும், ‘ஆசான்’ என்றே சொல்லி அவற்றைக் கேட்டு வாங்குவார் என்றும் எரோணிமுஸ் என்னும் பிற்கால அறிஞர் எழுதி வைத்தார். சிப்பிரியான் முதலில் சொற்கலை ஆசிரியர், செல்வர். நடுவயதில், ஏறத்தாழ 246இல் கிறித்துவரானார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கார்த்தேஜ் நகரின் ஆயராகத் தெரிந்தெடுக்கப்பட்டார்.

முதற்சோதனை உடனே வந்தது. பேரரசன் தேசியுஸ், பேரரசின் குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்றும், பலியிட்டமைக்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும் ஆணையிட்டான். 250ஆம் ஆண்டில் இவ்வாணை எங்கும் நடைமுறைக்கு வந்தது. எகிப்தின் மணலில் புதைந்து கிடந்த அச்சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை இக்கால ஆய்வாளர் கைக்குக் கிடைத்துள்ளன. சிப்பிரியான் நகரைவிட்டு மறைந்து வாழ்ந்தார். மறைவிடத்திலிருந்து மடல்கள் வாயிலாகத் தம் சபையை நடத்தினார். ஓடுதல் தகாது என்று எழுதிய ஆசானின் மாணவர் ஓடி ஒளிந்தார் எனப் பலர் பழித்தனர். உரோமையிலிருந்தும் குறைகூறும் மடல் வந்தது. அப்பழியை அவர் எட்டாண்டுகள் சுமந்தார்.

இரண்டாம் சோதனை, அச்சத்தால் பலியிட்டோரையும் பணம் கொடுத்துப் பொய்ச்சான்றிதழ் பெற்றோரையும் என்செய்வது என்பது. உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றனர் ஒரு சாரார். ஒருபோதும் சேர்த்தல் கூடாது என்றார் உரோமையில் நொவாசியன். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் இரண்டற்கும் இடைப்பட்ட வழியை மேற்கொண்டது: தவறியவர் நெடுநாள் மனம் வருந்தித் தவமிருக்க வேண்டும், ஒவ்வொருவர் செயலையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும். விரைந்து மன்னிப்பதற்கும் விரைந்து தள்ளிவிடுவதற்கும் நடுவே காலத்தை ஒரு மருந்தாக வைத்த முடிவு இது.

அவ்வேளையில் கொள்ளைநோய் ஒன்று பேரரசெங்கும் பரவியது. ஏறத்தாழ 249 முதல் 262 வரை விட்டுவிட்டுத் தாக்கிய அந்நோயை இன்றும் வரலாற்றாசிரியர் சிப்பிரியான் பெயராலேயே அழைக்கின்றனர். உறவினரையும் தெருவில் விட்டு ஓடினர் மக்கள். அவருடைய திருத்தொண்டர் பொந்தியுஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி, சிப்பிரியான் கிறித்துவரைத் திரட்டி, தம்மவர்க்கு மட்டுமன்றித் தம்மைத் துன்புறுத்தியோர்க்கும் உதவுமாறு தூண்டினார். செல்வர் பொருள் தந்தனர். ஏழையர் உழைப்பைத் தந்தனர். பொறுமை என்பது கைகட்டி நிற்றல் அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் சோதனையே அவரை நூல் எழுத வைத்தது. பிரிவினைக் குழுக்களிடம் திருமுழுக்குப் பெற்றவர் பொதுச் சபைக்கு வரும்போது மீண்டும் திருமுழுக்குப் பெற வேண்டுமா என்பது வினா. வேண்டும் என்றார் சிப்பிரியான். வேண்டா என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். உறவையே முறித்துக்கொள்ளும் அளவுக்கு உரோமையின் சினம் வளர்ந்தது. இப்பூசல் முற்றியிருந்த 256ஆம் ஆண்டில் சிப்பிரியான் பொறுமையின் நன்மை பற்றிய நூலை எழுதினார். யூபயானுஸ் என்னும் ஆயர்க்குத் தம் கொள்கையை விளக்கி எழுதிய மடலோடு இந்நூலையும் சேர்த்து அனுப்பினார். மடல் வாதம் புரிந்தது; நூல் வாதத்தின் எல்லையைக் குறித்தது.

அந்நூலில் தெர்த்துல்லியனின் கருத்துகள் பல மீண்டும் வருகின்றன. ஆனால் தொனி வேறு. ஆசான் தனிமனிதனின் உள்ளத்தை நோக்கிப் பேசினார். மாணவர் சமூகத்தின் கட்டுக்கோப்பை நோக்கிப் பேசினார். அன்பிலிருந்து பொறுமையை நீக்கிவிட்டால் அன்பு நிலைக்காது என்பது அவர் கூற்றின் சாரம். மெய்யறிவைப் பற்றி உரக்கப் பேசுவதினும் அதன்படி வாழ்தலே கிறித்துவர் கடமை என்றும் அவர் வற்புறுத்தினார். தீமைக்குரிய தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்று நூல் முடிகிறது. தீர்ப்பே இல்லை என்று அவர் கூறவில்லை; அதனைத் தம் கையில் எடுத்தல் தகாது என்றே கூறினார்.

256ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கார்த்தேஜில் ஆயர் 87 பேர் கூடினர். மாற்றுக் கருத்துடைய எந்த ஆயரையும் தாம் தீர்ப்பிடுவதோ உறவிலிருந்து நீக்குவதோ இல்லை என்று சிப்பிரியான் தொடக்கத்திலேயே அறிவித்தார். எனினும் அவரும் மனிதரே. ஸ்தேவானைப் பற்றி அக்காலத்தில் அவர் எழுதிய மடலொன்றில் கடுஞ்சொற்கள் உள்ளன. சொல்லில் சினம் வெளிப்பட்டாலும் செயலில் அவர் உறவை முறிக்கவில்லை என்பதே அவர் பொறுமையின் அளவு.

257இல் பேரரசன் வலேரியன் மீண்டும் துன்புறுத்தலைத் தொடங்கினான். சிப்பிரியான் கூருபிஸ் என்னும் கடற்கரையூருக்கு நாடு கடத்தப்பட்டார். மறு ஆண்டு திரும்பவும் அழைக்கப்பட்டபோது அவர் ஒளியவில்லை. தம் மக்கள் காணத் தம் நகரிலேயே தீர்ப்பை ஏற்க விரும்பினார். 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசு கொடுக்குமாறு தம்மவரிடம் அவர் சொல்லிவைத்தார் என்று அவ்விசாரணையின் பதிவு கூறுகிறது. 250இல் ஓடியவர் என்ற பழிக்கு அவர் தந்த மறுமொழி அதுவே.

அகுஸ்தீன் எழுப்பிய வினா

அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் நிலை முற்றிலும் மாறிவிட்டது. நான்காம் நூற்றாண்டில் பேரரசர்கள் கிறித்துவர் ஆயினர். துன்புறுத்தப்பட்ட சபை, துன்புறுத்தும் ஆற்றல் பெற்ற சபையாயிற்று. இம்மாற்றத்தின் பின்னர்ப் பொறுமையைப் பற்றி எழுதியவர் அகுஸ்தீன். 354இல் தகஸ்தே என்னும் ஊரில் பிறந்து, ஹிப்போ நகரின் ஆயராய் விளங்கி, 430இல் மறைந்தவர் அவர்.

அவருடைய நூல் ஒரு கூரிய வினாவை எழுப்புகிறது. துன்பத்தைத் தாங்குவதெல்லாம் பொறுமையாகுமா? கொள்ளையர் பசியையும் குளிரையும் தாங்குகின்றனர். பொருளாசை கொண்டவன் கடலிலும் புயலிலும் உயிரைப் பணயம் வைக்கின்றான். பிடிபட்ட கயவன் தன் கூட்டாளியைக் காட்டிக்கொடாமல் வதையைத் தாங்குகின்றான். இவர்கள் தாங்கும் துன்பம் அறவோர் தாங்கும் துன்பத்தினும் பெரிதாயிருத்தல் கூடும். ஆயினும் அது பொறுமை அன்று, வன்மை மட்டுமே. எதற்காகத் தாங்குகிறான் என்பதே பொறுமையை அறமாக்குகிறது. துன்பத்தின் அளவை நிறுத்துப் பார்க்கும் தராசு இங்குப் பயன்படாது. நோக்கத்தை நிறுக்கும் தராசே வேண்டும் என்பது அவர் முடிவு. உண்மைப் பொறுமை மனிதன் தன் முயற்சியால் மட்டும் ஈட்டுவதன்று, கடவுளின் கொடை என்றும் அவர் சேர்த்துக் கூறினார்.

ஆனால் இவ்வறிஞரின் வாழ்விலும் சோதனை வந்தது. வட ஆப்பிரிக்கக் கிறித்துவர் நான்காம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே பொதுச் சபையினர், தொனாத்தியர் என இரு கூறாய்ப் பிரிந்திருந்தனர். மறுதிருமுழுக்குக் கொள்கைக்குத் தொனாத்தியர் சிப்பிரியானையே சான்றாகக் காட்டினர். அதற்கு அகுஸ்தீன் தந்த மறுமொழி நயமானது: சிப்பிரியான் அவ்வொரு கொள்கையில் தவறினார், ஆயினும் தம்மோடு மாறுபட்டவரைப் பொறுத்து ஒற்றுமையைக் காத்தார், அவரிடம் கற்கவேண்டியது அப்பொறுமையே.

தொடக்கத்தில் அகுஸ்தீன் சொல்லாலும் வாதத்தாலும் மட்டுமே தொனாத்தியரை வெல்ல வேண்டும். எவரையும் வற்புறுத்திச் சேர்த்தல் கூடாது என்று கருதினார். 405இல் பேரரசன் ஹொனோரியுஸ் தொனாத்தியர்க்கு எதிராகச் சட்டம் பிறப்பித்தான். அச்சத்தால் சேர்ந்த ஊர்கள் பின்னர் மனமார நிலைத்திருந்தமை கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அகுஸ்தீனே, ஏறத்தாழ 408இல் எழுதிய மடலொன்றில் வெளிப்படையாகக் கூறினார். 411இல் இருதரப்பு ஆயரும் நூற்றுக்கணக்கில் கார்த்தேஜில் கூடி வாதிட்டனர். பேரரசின் நடுவர் பொதுச் சபையின் பக்கமே தீர்ப்பளித்தார். 412இல் தொனாத்தியர்மீது தண்டத்தொகைகள் விதிக்கப்பட்டன. கொலைக்குற்றம் செய்த தொனாத்தியரையும் கொல்ல வேண்டா என்று அகுஸ்தீன் அதிகாரிகளுக்கு மன்றாடி எழுதினார் என்பது அவர் இரக்கத்துக்குச் சான்று. ஆனால் மனத்தை மாற்ற அரசின் கையை நாடலாம் என அவர் ஒப்பியது, பிற்காலத்தில் பலர்க்கு ஒரு முன்மாதிரியாகிவிட்டது. பொறுமை நூல் ஏறத்தாழ 417இல் எழுந்தது என்பதை இங்கு மறத்தல் ஆகாது. எதற்காகப் பொறுத்தல் வேண்டும் என்று அழகுற விளக்கியவர், எதுவரை பொறுத்தல் வேண்டும் என்னும் வினாவில் தம் முன்னோரினின்று விலகிச் சென்றார்.

ஆலன் கிரைடர் என்னும் வரலாற்றாசிரியர் 2016இல் வெளியிட்ட நூலில், முதல் நூற்றாண்டுகளில் கிறித்துவம் வளர்ந்ததற்குப் பொறுமையே காரணம் என்றும், அகுஸ்தீன் காலத்தில் அந்நிலை மாறியது என்றும் வாதிட்டார். வளர்ச்சிக்குப் பிற காரணங்களும் உண்டு என்பதை எவரும் மறுத்தல் அரிது. எனினும் மூன்று நூல்களையும் ஒருங்கு வைத்துப் படிப்போர்க்கு, வலிமையற்றிருந்த காலத்தில் பொறுமையைப் போற்றுவதினும் வலிமை பெற்ற காலத்தில் அதனைக் காப்பது அரிது என்னும் உண்மை புலப்படாமற் போகாது.

துறவியர் அறையிலும் பள்ளியிலும்

பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகக் காணலாம். எகிப்தியப் பாலைவனத் துறவியர், அறையைவிட்டு ஓடத் தூண்டும் சலிப்பே தம் பெரும்பகை என்றனர். அதற்கு மருந்து ஹுப்பொமொனே, இருந்த இடத்தில் நிலைத்திருத்தல் என்றனர். ஸ்பெயின் நாட்டுப் புலவர் புருதென்சியுஸ் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய உருவகப் போர்க்காப்பியத்தில், சினம் எறிந்த ஈட்டி பொறுமையின் மார்புக்கவசத்தில் பட்டு விழுகிறது, வாளும் முறிகிறது, இறுதியில் சினம் தன் படைக்கலத்தாலேயே மடிகிறது. பொறுமையின் அருகில் துணையாய் நிற்பவன் யோபு. 590 முதல் 604 வரை உரோமை ஆயராயிருந்த கிரகோரியார் யோபு நூலுக்கு 35 பகுதிகளில் பேருரை கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினோ தோமையார், துயரத்தால் அறிவு நிலைகுலையாமல் காப்பதே பொறுமையின் பணி என வரையறுத்தார். அறங்களுள் அதுவே தலைசிறந்தது அன்று என்றும் தெளிவுபடுத்தினார்.

இம்மரபு தமிழகத்தையும் வந்தடைந்தது. 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அதனால், பொறுமைக்கென மூன்று தனிநூல்கள் கண்ட அதே மொழியில் வள்ளுவரின் பொறையுடைமை அதிகாரமும் இடம் பெற்றது.

பொறுத்தலும் காத்திருத்தலும்

பொறுமையைப் போற்றும் எந்த மரபும் ஒரு குற்றச்சாட்டுக்கு விடை கூறியாக வேண்டும். வலியவன் எளியவனை நோக்கிப் ‘பொறுத்திரு’ என்று சொல்லும்போது, அச்சொல் அறவுரையா, அடக்குமுறையா? அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளுக்குக் கீழ்ப்படிதலும் பொறுமையும் மேடையிலிருந்து போதிக்கப்பட்டன. போதித்தவர் யோபின் இரண்டு அதிகாரங்களையே படித்தார். மற்ற நாற்பதைப் படிக்கவில்லை எனலாம்.

இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தந்தவர் ஒரு கிறித்துவப் போதகரே. 1963ஆம் ஆண்டு ஏப்ரலில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரச் சிறையில் மார்ட்டின் லூதர் கிங் அடைபட்டிருந்தார். அம்மாநிலத்து வெள்ளை இனச் சமயத் தலைவர் எண்மர், கறுப்பின மக்களின் கிளர்ச்சி காலத்துக்கு ஒவ்வாதது என்று அறிக்கை விடுத்தனர். அதற்கு மறுப்பாக அவர் சிறையிலிருந்து எழுதிய நீண்ட மடல் புகழ்பெற்றது. காத்திருங்கள் என்னும் சொல் தம் மக்கள் காதில் ‘ஒருபோதும் இல்லை’ என்றே ஒலித்து வந்துள்ளது என்பது அம்மடலின் கருத்து. அநீதிக்குக் காலக்கெடு தர அவர் மறுத்தார். ஆனால் அதே கிளர்ச்சியில் நாயை ஏவியபோதும், நீரைப் பீய்ச்சியபோதும், சிறையிலடைத்தபோதும் திருப்பி அடிக்கலாகாது என்று தம்மைப் பின்பற்றியோரைப் பயிற்றுவித்தவரும் அவரே.

தமிழில் ‘பொறு’ என்பது தாங்குதலையும் காத்திருத்தலையும் ஒருங்கே குறிக்கும் எனக் கண்டோம். அவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கினும் ஒரே பொருளல்ல என்பதைப் பர்மிங்காம் நிகழ்ச்சி விளக்குகிறது. அடியைத் தாங்கியவர் நீதிக்குக் காத்திருக்க மறுத்தனர். தீமை செய்தவனைப் பொறுத்தனர், தீமையைப் பொறுத்திலர். வாதிட்டும் இடம்விட்டு நீங்காத யோபும், மாறுபட்டும் உறவை முறிக்காத சிப்பிரியானும், எதற்காகத் தாங்குகிறாய் என்று கேட்ட அகுஸ்தீனும் வெவ்வேறு வழியில் வந்து சேரும் இடம் இதுவே.

வகுப்பறையில் பொறையுடைமையைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர்க்கு இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுதல் நலம். பொறுமை யார் யாருக்குச் சொல்லும் அறிவுரை என்று முதலில் கேட்கவேண்டும். வலியவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அஃது ஐயத்துக்கு இடமின்றி அறமாகிறது. எளியவன் தன் உள்ளம் சினத்தால் சிதையாதிருக்கத் தானே மேற்கொள்ளும்போதும் அஃது அறமே. ஒருவன் தன் வசதிக்காகப் பிறன்மேல் ஏற்றி வைக்கும்போது, பொறை என்னும் சொல்லின் பழைய பொருளாகிய சுமை மட்டுமே எஞ்சி நிற்கும்.